கை தவறியதா, கருவி தவறியதா?

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் மாலைப் பொழுது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று, போக வேண்டிய திசையில் போகாமல் நம் வட்டாரத்து வானிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதில் 141 பயணிகள் இருந்தார்கள். விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் உறுப்புகளை இயக்கும் அமைப்பில், பழுது ஏற்பட்டிருந்தது. அந்த வகை விமானத்தில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வசதி கிடையாது. எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டு, இரவு எட்டேகால் மணியளவில் பத்திரமாகத் தரையிறங்கியது. தொலைக்காட்சியின் முன்னும் மொட்டை மாடியிலும் நின்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், அதே அக்டோபர் மாதத்தில், அதே ஓடுபாதையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி உண்டு. அதை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. 2018 அக்டோபர் 12, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல். 130 பயணிகளும் 6 பணியாளர்களும் ஏறிய போயிங் 737 விமானம் துபாய்க்குக் கிளம்பியது. ஓடுபாதையின் முடிவுக்குள் அதனால் போதிய உயரம் எழ முடியவில்லை. தரையிறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் வானொலிக் கருவியின் ஆண்டெனாவையும், நிலையத்தின் சுற்றுச்சுவரையும் மோதிவிட்டு எழும்பியது. அடிவயிறு கிழிந்த நிலையிலும் அது பறந்துகொண்டேயிருந்தது! விமானி அறையில் கருவிகள் எல்லாம் ஒழுங்காகவே இருப்பதாகக் காட்டின. தரையிலிருந்தவர்கள் சொல்லித்தான் விமானிகளுக்குச் செய்தி எட்டியது. விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டு விடியற்காலையில் இறங்கியது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

முதலில் சொன்ன நிகழ்ச்சியில் பழுது விமானிகளிடம் பேசியது. இரண்டாவதில் அது வாய் திறக்கவில்லை. இந்த வேற்றுமை ஏன்? இரண்டாவது நிகழ்ச்சியில் நடந்தது யார் தவறு? இக்கேள்விக்கு விடை காண, விமானி அறை என்னும் சின்னஞ்சிறு அறையின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

காட்டுவதும் இயக்குவதும்

எந்த எந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையே இரண்டு பாலங்கள் உள்ளன. எந்திரம் தன் நிலையை மனிதனுக்குச் சொல்ல வேண்டும். அது காட்டும் கருவி. மனிதன் தன் விருப்பத்தை எந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அது இயக்கும் பிடி. காவிரிப் பாலம் நன்றாயிருந்து கொள்ளிடப் பாலம் உடைந்திருந்தால் பயணம் முடியுமா? அதுபோல, இவ்விரண்டில் எது கெட்டாலும் காரியம் கெடும்.

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பாருங்கள். வடம் பிடிப்பவர்களுக்குப் பின்னால் சக்கரம் எங்கே போகிறது என்று தெரியாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவருக்கு முன்னால் தெருவின் திருப்பம் தெரியாது. இடையில் சைகை காட்டுபவர் ஒருவர் இருக்கிறார். அவர் சைகை தெளிவாக இருக்கும்வரை தேர் நிலைக்கு வந்து சேரும். சைகை குழம்பினால், முட்டுக்கட்டை போடுபவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பயனில்லை.

இதைவிட எளிய சோதனை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கூடத்துச் சுவிட்சுப் பலகையில் வரிசையாக ஆறு சுவிட்சுகள். விருந்தாளி ஒருவர் விசிறியைப் போட எழுகிறார். விளக்கு எரிகிறது, அடுத்ததைத் தட்டுகிறார், வாசல் விளக்கு எரிகிறது. மூன்றாவதில்தான் விசிறி சுழல்கிறது. விருந்தாளி அறிவில்லாதவரா? இல்லை. ஆறும் ஒரே வடிவம், ஒரே நிறம்; எது எதற்கு என்பதைப் பலகை சொல்லவில்லை. பத்து ஆண்டு அந்த வீட்டில் வாழ்ந்த நீங்களே இருட்டில், தூக்கக் கலக்கத்தில் தவறான சுவிட்சைத் தட்டியதுண்டு அல்லவா? கூடத்தில் இத்தவறுக்கு விலை எதுவும் இல்லை. வானத்திலோ விலை உயிர்.

ஒரே மாதிரி இரண்டு பிடிகள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படைக்கு ஒரு வியப்பான தலைவலி வந்தது. பி-17 முதலிய குண்டுவீச்சு விமானங்கள் போர்க்களத்திலிருந்து நலமாகத் திரும்பி, ஓடுபாதையில் நலமாக இறங்கி, அதன்பின் வயிறு தரையில் உரசப் படுத்துவிட்டன. இறங்கியதும் இறக்கை மடல்களை மடக்க வேண்டிய விமானி, சக்கரங்களை மடக்கிவிட்டார்! இது ஒருவர் இருவர் செய்த தவறல்ல, பலர் செய்தது. 'விமானியின் தவறு' என்று கோப்பில் எழுதி மூடிவிட்டார்கள்.

அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலார் விமானிகளை விசாரிப்பதோடு நிற்காமல் விமானத்தையும் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான பிடியும் இறக்கை மடலுக்கான பிடியும் பக்கத்தில் பக்கத்தில், கைக்கு ஒன்றுபோல் தோன்றும் வடிவில் இருந்தன. நம் நாட்டிலும் நெடுங்காலம் பறந்த டகோட்டா விமானத்தில் இந்தத் தொல்லை காணப்படவில்லை. அங்கே அந்தப் பிடிகள் ஒன்றுபோல் இல்லை. ஆக, தூக்கமிழந்து சோர்ந்த விமானியின் கை ஏமாறவில்லை; ஏமாற்றப்பட்டது.

சாப்பனிஸ் சொன்ன மருந்து மிக எளியது. சக்கரப் பிடியின் நுனியில் சிறு சக்கர வடிவில் ஒரு குமிழ். மடல் பிடியின் நுனியில் ஆப்பு வடிவில் ஒரு குமிழ். கண்ணால் பார்க்காமலே விரல் நுனி அறிந்துகொள்ளும். பிற்காலத்தில் இது சட்டமாகவே ஆயிற்று. இன்று திருச்சியில் இறங்கும் எந்தப் பெரிய பயணி விமானத்திலும் சக்கரப் பிடியின் நுனியில் ஒரு குட்டிச் சக்கரத்தைக் காணலாம்.

460 தவறுகள்

போர் முடிந்ததும் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். விமானிகளிடம், 'நீங்களோ உங்கள் கண்ணெதிரே பிறரோ செய்த தவறுகளைச் சொல்லுங்கள்' என்று கேட்டுத் தொகுத்தார்கள். பிடிகளை இயக்குவதில் நேர்ந்த 460 தவறுகளும், கருவிகளைப் படிப்பதில் நேர்ந்த 270 தவறுகளும் சேர்ந்தன. 1947-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையின் அரிச்சுவடி எனலாம்.

இயக்கும் தவறுகளில் ஏறக்குறையப் பாதி, ஒரு பிடிக்குப் பதில் மற்றொரு பிடியைத் தொட்டதால் வந்தவை. காரணமும் புரிந்தது. எஞ்சினின் விசை, சுழலியின் கோணம், எரிபொருள் கலவை ஆகிய மூன்றுக்கும் மூன்று பிடிகள் உண்டு. மூன்று வகை விமானங்களை எடுத்துக்கொண்டால் மூன்றிலும் அவற்றின் வரிசை வேறு வேறாக இருந்தது! காலையில் ஒரு விமானம், மாலையில் இன்னொரு விமானம் ஓட்டுபவரின் கை என்ன செய்யும்? இடப்பக்கம் பிரேக்கும் வலப்பக்கம் கியரும் உள்ள பழைய மோட்டார் சைக்கிளில் பழகியவர், அவை இடம் மாறியுள்ள புதிய வண்டியில் அவசரத்துக்கு எதை மிதிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பழக்கம் அறிவைவிட வேகமானது.

இவ்வாய்விலிருந்து பிறந்த முடிவு ஒன்றுதான். தவறுகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், அந்த இடத்தைப் பார். ஆட்களை மட்டும் பார்க்காதே.

ராஜகோபுரமும் மூன்று முள் உயரமானியும்

இனிப் படிக்கும் தவறுக்கு வருவோம். அக்கால விமானங்களில் உயரத்தைக் காட்டிய கருவி, கடிகாரம் போன்ற முகமும் மூன்று முள்களும் உடையது. நீண்ட முள் ஒரு சுற்றுச் சுற்றினால் 1,000 அடி. நடுத்தர முள் ஒரு சுற்றுக்கு 10,000 அடி. மிகச் சிறியதோ ஒரு சுற்றுக்கு 1,00,000 அடி.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 236 அடி. தெரு மட்டத்தைச் சுழியாக வைத்து, இக்கருவியுடன் கோபுர உச்சிக்கு நேராகப் பறப்பதாகக் கொள்வோம். நீண்ட முள் 2-ஐத் தாண்டிச் சிறிது தள்ளி நிற்கும். இப்போது அதற்கு மேல் ஆயிரம் அடி ஏறி 1,236 அடியில் பறக்கிறோம். நீண்ட முள் அதே இடம்! 10,236 அடியில் பறந்தாலும் அதே இடம்தான். வேற்றுமையைச் சொல்பவை சின்ன முள்கள் மட்டுமே. எந்த வேற்றுமை உயிரைக் காக்குமோ அதைச் சொல்லும் முள் மிகச் சிறியது. எது குறைந்த முக்கியமோ அதைச் சொல்லும் முள் மிகப் பெரியது. கருவி துல்லியமானது, ஐயமில்லை. ஆனால் அது சொல்லும் முறை தலைகீழ்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் நான் காணும் காட்சியும் இதுவே. கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளக்கும் மாணவர், தலைக்கோலில் நூற்றில் ஒரு மில்லிமீட்டர்வரை உன்னிப்பாகப் படிப்பார். புரிக்கோலில் ஒரு முழுப் பிரிவையே விட்டுவிடுவார். சிறு அளவில் துல்லியம், பெரிய அளவில் பிழை. அவருக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவே. 1958-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏப்ரல் மாதம் ஒரு வைக்கவுண்ட் விமானமும், டிசம்பர் மாதம் ஒரு பிரிட்டானியா விமானமும் தரையில் மோதின. இரண்டிலும் உயரமானி தவறாகப் படிக்கப்பட்டிருந்தது. விமானிகள் அனுபவசாலிகள். கருவி பழுதுபடவில்லை. இருந்தும் மோதல்.

அதன் பிறகு பெரிய பயணி விமானங்களில் மூன்று முள்கள் ஒழிந்தன. ஆயிரக்கணக்கு எண்களாகவே ஒரு சிறு சாளரத்தில் தோன்றும் உயரமானிகள் வந்தன. இன்றைய மின்திரைகளில் உயரம் நேரடியாக எண்ணாகவே காட்டப்படுகிறது.

சராசரி மனிதர் எங்கே?

கருவிக்கும் பிடிக்கும் அடுத்தபடி, அவற்றை எட்டுவதற்கு விமானி சரியாக உட்கார வேண்டும். 1950-இல் அமெரிக்க விமானப் படை தன் விமானிகள் 4,063 பேரின் உடல் அளவுகளை எடுத்தது. சராசரியைக் கண்டுபிடித்து, அதற்கேற்ப இருக்கை செய்துவிட்டால் எல்லாருக்கும் ஏறக்குறையப் பொருந்தும் என்பது எதிர்பார்ப்பு.

கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளருக்கு ஐயம் வந்தது. உயரம், மார்பளவு, கை நீளம் முதலிய பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார். பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். விடை என்ன தெரியுமா? ஒருவர்கூட இல்லை! ஒருவருக்குக் கை நீளம், கால் குட்டை. இன்னொருவருக்கு மார்பு அகலம், தோள் குறுக்கம். சராசரி மனிதருக்கென்று செய்த இருக்கை எந்த மனிதருக்கும் பொருந்தாது.

தையற்காரர் அளவெடுக்காமல் ஊரின் சராசரிக்குச் சட்டை தைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் இதை விமானி அறையில் உணர இவ்வளவு காலம் பிடித்தது. அன்று முதல், முன்னும் பின்னும் நகரும், உயர்ந்து தாழும், முதுகு சாயும் இருக்கைகள் வந்தன. இந்தச் சாயும் இருக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பம்பாய்க் கடலில் ஓர் இரவு

நம் நாட்டுக்கு வருவோம். 1978-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு. 'எம்பரர் அசோகா' என்ற ஏர் இந்தியா ஜம்போ விமானம் பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது. கடலுக்கு மேல் சென்றதும் வலப்புறம் சிறிது திரும்பி, மீண்டும் நேரானது. ஆனால் தலைமை விமானியின் முன்னிருந்த சாய்வுகாட்டி நேராகவில்லை. விமானம் இன்னும் வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அதைத் திருத்த அவர் இடப்புறம் சாய்த்தார். முள் திருந்தவில்லை, மேலும் சாய்த்தார். புறப்பட்ட இரண்டு நிமிடத்துக்குள் விமானம் பாந்திராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரும் மாண்டனர்.

'விமானம் கவிழ்வது உடலுக்கே தெரியாதா?' என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. நம் காதின் உட்புறத்தில் உள்ள அரைவட்டக் குழல்களில் ஒரு திரவம் இருக்கிறது. தலை திடீரெனத் திரும்பினால் அது பின்தங்கி, திருப்பத்தை மூளைக்கு அறிவிக்கும். மெல்லத் திரும்பினாலோ, தொடர்ந்து திரும்பிக்கொண்டேயிருந்தாலோ அதற்கு ஒன்றும் தோன்றாது. வெளியே நிலவற்ற கடலும் கரிய வானமும். அடிவானம் என்ற கோடே இல்லை. அந்நிலையில் விமானிக்குக் கருவி ஒன்றே கண்.

அறையில் மற்ற சாய்வுகாட்டிகளும் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டு விமானத்தை மீட்கத் தவறினார்கள் என்று விசாரணை முடிவு செய்தது. உண்மைதான். ஆனால் இரண்டு கருவிகள் இரண்டு விதமாகக் காட்டும்போது எது மெய், எது பொய் என்று முடிவு செய்ய அவர்களுக்குக் கிடைத்தவை சில வினாடிகள். இன்றைய விமானங்களில் இரு பக்கத்துக் கருவிகளும் மாறுபட்டால் எந்திரமே அதைக் கண்டுபிடித்துத் திரையில் எச்சரிக்கும். விமானியின் தலையிலிருந்து ஒரு சுமையைக் கருவி தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

அசையாத பிடி

கணிப்பொறி வந்ததும் எல்லாச் சுமையும் இறங்கிவிட்டதா? 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ-320 விமானம் பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்தது. இவ்வகை விமானம் அப்போது நம் நாட்டுக்குப் புதிது. தரையிறங்கும் கட்டத்தில் தானியங்கி அமைப்பு, எஞ்சின்களைக் குறைந்த விசையில் வைத்து இறங்கும் முறையில் இருந்தது. வேகம் தேய்ந்தது, விமானம் தாழ்ந்தது. விமானிகள் உணர்ந்து விசையைக் கூட்டியபோது நேரம் கடந்துவிட்டது. தணிந்து சுழலும் ஜெட் எஞ்சின் முழு விசைக்கு எழச் சில வினாடிகள் ஆகும். ஓடுபாதைக்கு முன்னாலேயே விமானம் தரையில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தனர். விமானிகள் நிலைமையை உரிய நேரத்தில் உணரவில்லை என்பது விசாரணையின் முடிவு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஏர்பஸ் விமானத்தில் தானியங்கி அமைப்பு விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் உந்துவிசைப் பிடி இருந்த இடத்திலேயே இருக்கும். மாற்றம் திரையில் எண்ணாகவே தெரியும். போயிங் விமானத்திலோ பிடியும் கூடவே நகரும். அதன்மேல் கை வைத்திருப்பவருக்குக் கண்ணை அகற்றாமலே செய்தி கிடைக்கும். எது மேல் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அசையும் பிடி கைக்குச் செய்தி சொல்கிறது. ஆனால் அசைகிற எதையும் கை தவறுதலாகவும் அசைத்துவிடலாம். இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு உதாரணம் நம் ஊரிலேயே கிடைத்தது.

மீண்டும் திருச்சி ஓடுபாதை

2018 அக்டோபர் 12. போயிங் 737 ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தது. விசாரணை அறிக்கை சொல்லும் காரணம் இது. தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானப் பொறி தளர்ந்து, முதுகுப்பலகை பின்னால் சரிந்தது. அவரும் பின்னால் சரிந்தார். அவர் கை உந்துவிசைப் பிடியின் மேல் இருந்தது. அறியாமலே அதையும் பின்னுக்கு இழுத்துவிட்டது. எஞ்சின் விசிறியின் சுழற்சி 98 விழுக்காட்டிலிருந்து 77 விழுக்காட்டுக்கு இறங்கியது. குறைந்த விசையிலேயே விமானம் தொடர்ந்து ஓடியது. இருவரும் அதைக் கவனித்துத் திருத்தவில்லை.

சற்று நிதானமாகப் பார்ப்போம். கை ஏன் பிடியின் மேல் இருந்தது? அது விதி. புறப்பாட்டை நிறுத்த வேண்டி வந்தால் நொடியில் விசையைக் குறைக்க, குறிப்பிட்ட வேகம்வரை தலைமை விமானி கையை அங்கேதான் வைத்திருக்க வேண்டும். இருக்கை ஏன் சாயக்கூடியதாக இருந்தது? சராசரி மனிதர் இல்லை என்பதால். சரி, தானியங்கி அமைப்பு பிடியை மறுபடி முன்னே தள்ளியிருக்கக் கூடாதா? இவ்வகை விமானத்தில் ஓட்டம் 84 நாட்டைத் தாண்டியதும், அதாவது மணிக்குச் சுமார் 156 கிலோமீட்டர் ஆனதும், தானியங்கி அமைப்பு பிடியை விட்டுவிடும். ஆபத்தான அந்த வேளையில் எந்திரம் தானாக விசையைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஆகவே அதற்குப் பின் கை விட்ட இடத்தில் பிடி நிற்கும்.

மூன்று ஏற்பாடுகளும் நல்லவை. மூன்றும் பழைய விபத்துகளும் பழைய ஆய்வுகளும் கற்றுக்கொடுத்த பாடங்கள். ஒரு சாய்மானப் பொறி தளர்ந்த இரவில் மூன்றும் ஒன்றுகூடிப் புதிய ஆபத்துக்கு வழி திறந்தன.

விசை குறைந்ததை விமானிகள் ஏன் உணரவில்லை என்பதற்கும் இயற்பியல் சிறிது விளக்கம் தரும். 98-லிருந்து 77 என்றால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று தோன்றும். ஆனால் அது விசிறியின் சுழற்சி வேகம், உந்துவிசை அல்ல. சுழற்சி சிறிது குறைந்தால் உந்துவிசை அதைவிட மிகுதியாகக் குறையும். திரையில் உள்ள எண் இழப்பின் முழு அளவைச் சொல்வதில்லை.

இனி ஒரு கணக்கு. உண்மை எண்களல்ல, விளங்கிக்கொள்வதற்காக. விமானம் வினாடிக்கு 77 மீட்டர் வேகத்தில் எழ வேண்டும் என்றும், முடுக்கம் வினாடிக்கு வினாடி 2 மீட்டர் என்றும் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் தூரம் கிடைக்கும். இதன்படி 62 மீட்டர் வேகத்தை எட்டும்போது 961 மீட்டர் ஓடியிருக்கும். எழ இன்னும் 521 மீட்டர் போதும். 62-இல் முடுக்கம் பாதியாகிவிட்டால் அந்த 521 மீட்டர் 1,042 மீட்டராகிவிடும். அரைக் கிலோமீட்டர் கூடுதல்! எழுந்த பின்னும் விசை குறைவாயிருப்பதால் ஏறும் சரிவும் மந்தமாகும். திருச்சி ஓடுபாதையின் நீளமோ சுமார் 2,480 மீட்டர்தான். இருட்டில், இருக்கை சரிந்த பரபரப்பில், முடுக்கம் குறைந்ததை முதுகால் உணர முடியுமா? முதுகுக்கு ஆதாரமான பலகையே சரிந்துவிட்டதே!

விமானிகளின் பங்கு ஒன்றும் இல்லையா? உண்டு. இருவருக்குள்ளும் ஒருங்கிணைப்பும் கவனமும் குறைந்தன என்பதையும் அறிக்கை குறிப்பிடுகிறது. ஒருவர் தடுமாறும்போது மற்றவர் கருவிகளைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு விமானிகள் இருப்பதே அதற்குத்தான். தவறைக் கருவியின் தலையில் கட்டிவிட்டு மனிதனை விடுவிப்பது இவ்வறிவியலின் நோக்கமன்று. ஆனால் விமானியை மட்டும் தண்டித்துவிட்டு இருக்கையை அப்படியே விட்டால், அடுத்த இரவு வேறொருவர் அதே இருக்கையில் அமர்வார் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வியை மாற்றுவோம்

2024-இல் வட்டமிட்ட விமானத்தில் எது கெட்டது என்பது தெரிந்தது. அடுத்து என்ன செய்வது என்பதற்கு வகுத்த முறை இருந்தது. நிதானமாகச் செய்ய நேரமும் இருந்தது. அந்த மூன்றும் இருந்தால் மனிதன் வல்லவன். 2018-இல் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. மனிதன் அதே மனிதன்தான்.

'யார் தவறு?' என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும், கோப்பு மூடப்படும். 'எவ்வளவு நல்லவரும் அந்த இடத்தில் இதே தவறைச் செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றால் எதை மாற்ற வேண்டும்?' என்று கேட்டால் ஒரு பிடியின் வடிவம் மாறும், ஒரு முள் மறையும், ஓர் இருக்கையின் பூட்டு வலுப்படும். சக்கர வடிவக் குமிழ் முதல் மின்திரையில் தெரியும் எண்வரை, விமானி அறையில் இன்று நாம் காணும் பலவும் இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த விடைகள். அவற்றுள் பலவற்றுக்குப் பின்னால் முகம் தெரியாத சிலரின் உயிர் இருக்கிறது.

இக்கேள்வி விமானத்துக்கு மட்டும் உரியதன்று. பொன்மலைப் பணிமனையிலோ திருவெறும்பூர் கொதிகலன் ஆலையிலோ எந்திரத்தின் முன் நிற்பவரும், மருத்துவமனையில் ஒரே மாதிரி இரண்டு மருந்துக் குப்பிகளைக் கையாளும் செவிலியரும், பேருந்தின் ஓட்டுநரும் கேட்க வேண்டிய கேள்வி இது. நீங்கள் பழகும் எந்திரத்தில் ஒரே தவறு இரண்டு முறை நடந்தால், மூன்றாவது முறைக்குக் காத்திராதீர்கள். அந்தப் பிடியையும் முள்ளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். இன்று மாலை வீட்டுச் சுவிட்சுப் பலகையில் விசிறிக்குரிய சுவிட்சின் மேல் சிறு துண்டுக் காகிதம் ஒட்டிப் பாருங்களேன். நாளை வரும் விருந்தாளி முதல் தடவையிலேயே சரியாகத் தட்டுவார். சாப்பனிஸ் செய்ததும் அதுதான்.